கோச்சுக்குப் பக்கத்தில் நிற்பவர்

டெல்லியில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளில் கால்பந்து ஆடுகிறவர்கள் கொஞ்சம்தான். அவர்களில் ஒருவன் இருபத்திரண்டு வயதில் வீட்டுக்கு வந்து, "கோச் ஆகப் போறேன், இப்போதைக்கு ஒரு காலேஜ்ல அசிஸ்டண்ட்" என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்பா கேட்பது: "எவ்வளவு தருவான்?" அம்மா கேட்பது: "பெர்மனன்ட்டா?" இரண்டும் நியாயமான கேள்விகள். இரண்டுக்கும் ஒரு வரியில் பதில் கிடையாது. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், மெதுவாகவே போகலாம்.

கல்லூரிக் கால்பந்தில் உதவிப் பயிற்சியாளர் என்று விசாரிக்கப் போனால் முதலில் காதில் விழுவது அமெரிக்கக் கதை. அங்கே அது தலைக்கவசம் மாட்டிக்கொண்டு மோதுகிற வேறு ஆட்டம். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். களத்தில் நின்று பயிற்சி தரும் உதவியாளர்கள் 10 பேருக்கு மேல் கூடாது என்று பெரிய கல்லூரி அணிகளுக்கு ஒரு வரம்பு இருந்தது. 2024-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கென்றே 1996 முதல் பிராயல்ஸ் விருது கொடுக்கிறார்கள். அணியின் தற்காப்பை மட்டும் கவனித்துக்கொண்டு ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் வாங்குகிற உதவியாளர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு பணம் புரள்வதற்குக் காரணம், அங்கே தொழில்முறை லீக் தன் ஆட்களைக் கல்லூரிகளிலிருந்துதான் அள்ளுகிறது. கல்லூரிதான் கடைசிப் படி. அந்தப் படியில் நிற்கிற உதவியாளருக்கு அதனால்தான் அத்தனை மதிப்பு.

நம் ஊரில் அந்தப் படி வேறு இடத்தில் இருக்கிறது. இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கழகங்கள் பையன்களைப் பதினைந்து, பதினாறு வயதிலேயே தங்கள் அகாடமிகளில் சேர்த்துக்கொள்கின்றன. பதினெட்டில் ஒப்பந்தம் கிடைத்தவன் கல்லூரிப் பக்கம் வருவதில்லை. வந்தாலும் தேர்வு எழுதத்தான் வருவான். கல்லூரி அணிக்கு வருகிறவன் பெரும்பாலும் அந்த ஒப்பந்தம் கிடைக்காதவன், அல்லது படிப்பை விட மனமில்லாதவன். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு, கலை இரண்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரியின் மொத்த இடங்களில் 5 சதவீதம் வரைதான் ஒதுக்கலாம். அதில் கிரிக்கெட், கூடைப்பந்து, துப்பாக்கி சுடுதல், தடகளம் எல்லாம் போக, கால்பந்துக்கு விழுவது ஒரு கைப்பிடி. மணிப்பூர், மிசோரம், உத்தராகண்ட், கேரளம், வங்காளம் என்று பல திசைகளிலிருந்தும் பையன்கள் அந்தக் கைப்பிடி இடங்களுக்காக வருகிறார்கள். பதினோரு பேர் அணிக்கு மிச்சம் பேரை வகுப்பறைகளில் தேடிப் பிடிக்க வேண்டும்.

இந்த அணிக்கு எதற்கு உதவிப் பயிற்சியாளர் என்று கல்லூரி நிர்வாகம் கேட்கும். அதனால்தான், டெல்லிக் கல்லூரிகளின் நிரந்தரப் பணியிடப் பட்டியலில் கால்பந்து உதவிப் பயிற்சியாளர் என்று ஒரு பெயரை நீங்கள் பார்க்க மாட்டீர்கள். நிரந்தரமாக இருப்பவர் உடற்கல்வி ஆசிரியர். அவர் எல்லா விளையாட்டுக்கும் பொறுப்பு. கல்லூரிகளுக்கிடையிலான போட்டி நெருங்கும்போது அந்தந்த ஆட்டத்துக்கு ஒரு கோச்சை மதிப்பூதியத்தில் கூப்பிடுவார்கள். அந்த கோச் தன்னோடு ஒரு இளைஞனைக் கூட்டிவருவார். நம் பையன் சொன்ன 'அசிஸ்டண்ட்' இதுதான். பணியிடம் இல்லை, வேலை மட்டும் இருக்கிறது.

அந்த வேலை என்னவென்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவன் கோன் அடுக்குகிறவன், பந்துக்குக் காற்று அடைக்கிறவன் என்றுதான் தோன்றும். அதுவும் செய்வான்தான். காலை ஆறு மணிக்கு முதலில் மைதானத்துக்கு வருவதும், கடைசியாகப் போவதும் அவன். உடலைச் சூடேற்றும் பயிற்சி அவன் கையில். அநேகமாக கோல்கீப்பரும் அவன் கையில்தான், ஏனென்றால் தனியாகக் கோல்கீப்பர் கோச் வைக்கக் கல்லூரியில் காசு இருக்காது. எதிரணியின் முந்தைய ஆட்டத்தைப் போய்ப் பார்த்து, அவர்களுடைய இடது பக்கத்து ஆள் பந்தை உள்ளே வெட்டிக் கொண்டுவருகிறானா, கோட்டோரமாகவே ஓடுகிறானா என்று குறித்துக்கொண்டு வருவான். கைப்பேசியில் எடுத்த வீடியோவை இரவில் வெட்டி ஒட்டி, மறுநாள் பையன்களுக்குக் காட்டுவான்.

அதற்கப்புறம் காகிதங்கள். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். 1925-ல் தொடங்கிய அமைப்பு. அலுவலகம் டெல்லியிலேயே, கால்பந்து ஆட்டங்கள் நடக்கும் அம்பேத்கர் மைதானத்துக்கு அதிகத் தொலைவில்லாத கோட்லா மார்க்கில் இருக்கிறது. அதன் போட்டியில் ஆட 25 வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது; பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், கல்லூரிச் சேர்க்கைச் சான்று எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். மணிப்பூரின் சூராசந்த்பூரிலிருந்து வந்த பையனின் பெயர் ஒரு சான்றிதழில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருந்தால் அதைச் சரிசெய்ய அலைவது கோச் அல்ல, உதவியாளர். வருகைப்பதிவு இன்னொரு தலைவலி. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் மூன்றில் இரண்டு பங்கு வகுப்புக்காவது வந்திருக்க வேண்டும். பயிற்சிக்கும் போட்டிக்கும் போன நாட்களுக்குச் சலுகை உண்டு. ஆனால் கடிதம் சரியான நாளில் சரியான மேசைக்குப் போயிருக்க வேண்டும். எந்தப் பயிற்சிப் பாடத்திட்டத்திலும் இது கிடையாது. ஒரு அணி சீசன் முழுக்க முழுமையாகக் களமிறங்குகிறதா, ஒன்பது பேரோடு தவிக்கிறதா என்பதை முடிவு செய்வது பல நேரம் இந்தக் கடிதங்கள்தான்.

டெல்லிக்கே உரிய ஒரு பாரம் காற்று. கால்பந்துக்குத் தோதான குளிர் வருகிற நவம்பரில்தான் புகையும் வருகிறது. பயிற்சியை நடத்துவதா, உள்ளே கூட்டிப்போய் உடற்பயிற்சி மட்டும் கொடுப்பதா, ஆஸ்துமா உள்ளவனை எவ்வளவு நேரம் ஓடவிடுவது என்று தினமும் காலையில் ஒருவர் முடிவெடுக்க வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் வேறொரு அகாடமியில் இருப்பார். போனில் "நீயே பாத்துக்கோ பேட்டா" என்பார். இருபத்திரண்டு வயதுக்காரனுக்கு இது பெரிய பொறுப்பு. ஆனால் முடிவெடுக்கிற பழக்கம் அவனுக்கு வேறு எங்கே இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும்? கல்லூரி அணியின் உண்மையான ஊதியம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கழக அகாடமியில் இவனைப் பத்து வயதுப் பிள்ளைகளோடு ஒரு மூலையில் நிறுத்திவைப்பார்கள். இங்கே இருபது வயது ஆட்களை நேராகக் கையாளலாம்: வீட்டை நினைத்து அழுகிறவனை, ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதவனை, செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய இரவு மைதானத்துக்கு வர மறுக்கிறவனை.

இனி அப்பாவின் கேள்விக்கு வருவோம். மேலே போக இரண்டு ஏணிகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே சுவரில் சாய்ந்தவை அல்ல. இதைத் தெரிந்துகொள்ளாமல் பாதி வாழ்க்கையைக் கழித்தவர்கள் இந்த ஊரில் நிறைய.

முதல் ஏணி பட்டங்களால் ஆனது. பி.பி.எட்., எம்.பி.எட்., அப்புறம் உடற்கல்வியில் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. டெல்லியில் இதற்கு விகாஸ்புரியில் இருக்கும் இந்திரா காந்தி உடற்கல்வி நிறுவனம் பேர்பெற்றது, 1987-ல் தொடங்கியது. குவாலியரில் லட்சுமிபாய் நிறுவனம். நம் சென்னையில் நந்தனம் ஒய்எம்சிஏ கல்லூரி. ஹாரி குரோ பக் 1920-ல் தொடங்கி வைத்தது, இந்தியாவில் இந்தத் துறைக்கே அதுதான் ஆரம்பம். யுஜிசி விதிப்படி இந்த ஏணியின் முதல் படி உடற்கல்வி உதவி இயக்குநர். முதுகலையில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும், போட்டிகளில் ஆடிய பதிவு வேண்டும், உடல்தகுதித் தேர்விலும் தேற வேண்டும். முப்பது வயதுக்குள் இருக்கும் ஆண் 12 நிமிடத்தில் 1800 மீட்டர் ஓடவோ நடக்கவோ செய்தால் போதும்; வயது ஏற ஏறத் தூரம் குறையும், ஐம்பதை நெருங்கினவருக்கு 800 மீட்டர். கால்பந்து ஆடின பையன் இந்த ஓட்டத்தைப் பேசிக்கொண்டே முடிப்பான். அவன் தடுக்கி விழுவது அந்த 55 சதவீதத்தில்தான். தேறிவிட்டால் அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்கும், படிகள் தனி. அம்மா கேட்ட 'பெர்மனன்ட்' இதுதான். ஆனால் உள்ளே போனபின் அவர் கால்பந்து கோச் அல்ல. வருடாந்திர விளையாட்டு விழா, ஜிம் உபகரணக் கொள்முதல், சேர்க்கைக் குழு, யோகா தினம் என்று போகும். கால்பந்துக்காக வெளியிலிருந்து ஒரு கோச்சை மதிப்பூதியத்தில் கூப்பிடுகிறவராக அவர் ஆகிவிடுவார்.

இரண்டாவது ஏணி உரிமங்களால் ஆனது. துவாரகாவில் இருக்கும் ஃபுட்பால் ஹவுஸ், அதாவது அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம், ஆசியக் கூட்டமைப்பின் வரிசைப்படி நடத்துகிற வகுப்புகள்: டி, சி, பி, ஏ, அதற்கு மேல் புரோ. டி உரிமம் சில நாள் வகுப்பு, சி-யிலிருந்து வாரக்கணக்கு, ஏ-யும் புரோ-வும் இடைவெளி விட்டுவிட்டு மாதக்கணக்கில் இழுக்கும். ஒன்றை முடித்த கையோடு அடுத்ததற்குப் போக முடியாது. நடுவில் நிஜமாக ஒரு அணியோடு வேலை செய்திருக்க வேண்டும். கட்டணம் மேலே போகப் போக ஏறும், அதைப் பெரும்பாலும் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். இந்த ஏணியில் எம்.பி.எட்.டுக்கு மதிப்பில்லை, அந்த ஏணியில் பி உரிமத்துக்கு மதிப்பில்லை. ஏ உரிமம் வைத்திருக்கிறவர் நெட் எழுதாவிட்டால் கல்லூரியில் மதிப்பூதியக்காரர்தான். முனைவர் பட்டம் வாங்கினவர் உரிமம் இல்லாமல் தொழில்முறை லீக் அணியின் பெஞ்சில் உட்கார முடியாது. மைதானத்துக்கும் வகுப்பறைக்கும் பொதுவான ஒரு தகுதியை நம் நாட்டில் யாரும் உருவாக்கவில்லை. இந்தத் தொழிலின் பெரிய ஓட்டை இது.

மூன்றாவதாக அரசுப் பாதை ஒன்றும் உண்டு. பாட்டியாலா விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் டிப்ளமோ, அதன் வழியாக இந்திய விளையாட்டு ஆணையத்தில் வேலை. 2021-ல் ஆணையம் 220 உதவிப் பயிற்சியாளர் இடங்களுக்கு ஆள் கூப்பிட்டது. ஆனால் அது எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து, அதுவும் ஒப்பந்தத்தில். இதை நம்பி உட்கார்ந்திருக்காமல், வந்தால் விண்ணப்பிக்கலாம்.

உரிம ஏணியில் உச்சிக்குப் போன உதவியாளர்கள் யார் என்று பார்த்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. நமக்குப் பக்கத்து ஆளிலிருந்து தொடங்குகிறேன்: சையத் சபீர் பாஷா. சென்னைக்காரர், இந்தியன் வங்கிக்கு ஆடியவர், இந்தியாவின் முன்கள வீரர். 2016 முதல் சென்னையின் எஃப்சி-யில் உதவிப் பயிற்சியாளர். அங்கே தலைமைப் பயிற்சியாளர்கள் இத்தாலியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வேறு நாடுகளிலிருந்தும் வந்தார்கள், போனார்கள், அவர் இருந்தார். ஜான் கிரெகரியின் கீழ் 2017-18-ல் அணி கோப்பை வென்றபோதும் பெஞ்சில் இருந்தார். 2022 பிப்ரவரியில் போஜிதார் பாண்டோவிச்சை அனுப்பிவிட்டபோது மிச்ச ஆட்டங்களுக்கு அவரிடம்தான் அணியைக் கொடுத்தார்கள். பின்னாளில் அதே துவாரகா அலுவலகத்துக்குத் தேசியத் தொழில்நுட்ப இயக்குநராக வந்தார். நாட்டிலுள்ள பயிற்சியாளர்களின் கல்வியை மேற்பார்க்கிற நாற்காலி அது.

சண்முகம் வெங்கடேஷ் இன்னொருவர். பெங்களூரில் வளர்ந்தவர், இந்திய நடுக்கள வீரர். தேசிய அணியில் ஸ்டீபன் கான்ஸ்டன்டைனுக்கும் பின்னர் இகோர் ஸ்டிமாக்குக்கும் உதவியாளராக இருந்தார். 2022-ல் புவனேஸ்வரில் 20 வயதுக்குட்பட்டோருக்கான தெற்காசிய (சாஃப்) கோப்பையை இந்தியா வென்றபோது தலைமைப் பயிற்சியாளர் அவர். கிளிஃபர்ட் மிராண்டா, 2023-ல் ஒடிஷா எஃப்சி-யின் இடைக்காலப் பொறுப்பில் இருந்த சில வாரங்களிலேயே சூப்பர் கோப்பையைத் தூக்கினார். காலித் ஜமில், 2021 தொடக்கத்தில் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டில் நடுவழியில் அணியை ஏற்று அரையிறுதிவரை கொண்டுபோனார். அந்த ஆண்டே ஐஎஸ்எல்-லின் முதல் நிரந்தர இந்தியத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். 2025 ஆகஸ்டில் தேசிய அணியே அவர் கைக்கு வந்தது.

இவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பொது, வெளிநாட்டுக்காரர் திடீரென்று போன அன்று பெஞ்சில் உரிமத்தோடு தயாராக உட்கார்ந்திருந்தது. அதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஆனால் உரிமம் இல்லாதவன் வீட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் வருவதில்லை. இன்னொரு பொது, இவர்கள் அனைவரும் இந்தியாவுக்கு ஆடியவர்கள். கல்லூரி அணியில் உதவியாளராகத் தொடங்கி மேலே போனவர்கள் அந்த வரிசையில் இல்லை. நம் பையனிடம் இதை மறைக்கக் கூடாது.

எப்போதும் இப்படித்தான் இருந்தது என்றும் சொல்ல முடியாது. 1951-ல் இதே டெல்லியில், தேசிய மைதானத்தில், முதல் ஆசிய விளையாட்டின் இறுதியில் ஈரானை 1-0 என்று வென்ற இந்திய அணியின் பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தாவில் மறுபடி தங்கம், எல்லாம் அந்த வாத்தியார் காலத்தில். அப்போது தொழில்முறை அகாடமிகள் கிடையாது. பள்ளி, கல்லூரி, ராணுவம், ரயில்வே, வங்கி என்றுதான் ஆட்கள் நகர்ந்தார்கள். டெல்லியில் நடந்த டியூராண்ட் கோப்பையை 1955-லும் 1958-லும் வென்றது வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் என்ற ராணுவ அணி. பீட்டர் தங்கராஜ் அங்கிருந்து வந்த கோல்கீப்பர். நன்றாக ஆடுகிற பட்டதாரிக்கு ஒரு வங்கியிலோ ரயில்வேயிலோ நாற்காலி கிடைக்கும் என்றிருந்தபோது, அந்த ஆட்டக்காரனைத் தயார் செய்த கல்லூரி கோச்சுக்கும் ஒரு மரியாதை இருந்தது. நிறுவன அணிகள் சுருங்கினதும் அந்த மரியாதையும் சேர்ந்து சுருங்கியது. அகாடமிகளைக் குறை சொல்வது எளிது. நிறுவனங்கள் கதவைச் சாத்தியதும், கல்லூரிகள் அதற்கு மாற்று எதையும் யோசிக்காததும்தான் பெரிய காரணம் என்பேன்.

சரி, பையன் என்ன செய்ய வேண்டும்? பிழைக்கிறவர்கள் செய்வதைச் சொல்கிறேன். காலையில் கல்லூரி, மாலையில் ஏதாவது ஒரு அகாடமியில் சின்னப் பிள்ளைகள், வார இறுதியில் டெல்லி லீக் ஆடும் ஒரு கழகம். சோறு போடுவது மாலை அகாடமிதான். துவாரகா, வசந்த் குஞ்ச் போன்ற பகுதிகளில் பிள்ளைகளைக் கால்பந்துக்கு அனுப்பப் பணம் கட்டத் தயாரான வீடுகள் நிறைய. கர்வால் ஹீரோஸ், ஹிந்துஸ்தான் மாதிரி பழைய கழகங்களிலோ புதிய கழகங்களிலோ இரண்டாவது ஆளாகப் போய் நின்றால் பணம் சொற்பம்தான், ஆனால் பெயர் பரவும். டெல்லிக் கால்பந்தில் எல்லாரும் எல்லாரையும் தெரிந்தவர்கள். ஒரு இடத்தில் நேரம் தவறாமல் வந்தவன் என்று பெயர் எடுத்தால் அது அம்பேத்கர் மைதானம் முழுக்கப் போய்ச் சேரும். நேரம் தவறினவன் என்ற பெயர் அதைவிடச் சீக்கிரம் போய்ச் சேரும். இந்தி சரளமாக வேண்டும். மணிப்பூரிப் பையன்களோடு உடைந்த ஆங்கிலமும் வேண்டும்.

இருபத்தைந்துக்குள் சி உரிமமும், முடிந்தால் நெட்டும் இரண்டும் கையில் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். இரண்டு ஏணியிலும் ஒவ்வொரு கால் வைத்துக்கொண்டு முப்பது வரை தாக்குப்பிடிக்கலாம். அதற்குள் எது தன்னை இழுக்கிறது என்று தெரிந்துவிடும். முப்பத்தைந்தில் வந்து எதுவும் இல்லாமல் இரண்டில் ஒன்றைத் தொடங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கச் சங்கடமாக இருக்கும்.

மகன் இல்லை, மகள் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். பெண்கள் அணிகள் பெருகியிருக்கின்றன. 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்றது மதுரையின் சேது எஃப்சி. உரிமம் பெற்ற பெண் பயிற்சியாளர்கள் ஆண்களைவிட மிகக் குறைவு. பயணத்தின்போது அணியோடு ஒரு பெண் பொறுப்பாளரைக் கல்லூரிகள் தேடிக்கொண்டே இருக்கும். பி உரிமம் வைத்திருக்கிற பெண்ணுக்குக் காத்திருப்பு சின்னது. சம்பளம் மட்டும் அதேபோலச் சின்னதுதான்.

கடைசியாக ஒரு காரியம், இந்த வாரமே செய்யக்கூடியது. கல்லூரி மதிப்பூதியத்தைக் கையில் கொடுத்துவிட்டு வாய்வார்த்தையாக முடித்துக்கொள்ளப் பார்க்கும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த அணிக்கு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி கொடுத்தான் என்று கல்லூரியின் தாளில், முத்திரையோடு எழுதி வாங்கச் சொல்லுங்கள். அடுத்த உரிம வகுப்புக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். உடற்கல்வி ஆசிரியர் இன்னொரு கல்லூரிக்கு மாறிப் போனபின் கேட்டால், யாருக்கும் இவனை நினைவிருக்காது.